கேள்விக்கு நிற்கும் பிரசங்கம்

என் அப்பா வாரத்தில் ஆறு நாள் புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஏழாம் நாள் எங்கள் தமிழ்ச் சபையில் பிரசங்கம் செய்தார். அவர் பட்டம் பெற்ற ஐயர் (போதகர்) இல்லை. தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து உபதேசியார். அந்த வாசனை அப்பாவிடமும் இருந்ததால், ஐயர் வர முடியாத ஞாயிறுகளில் மூப்பர்கள் அவரைத்தான் நிற்கச் சொல்வார்கள். ஐயருக்கு வேறு சபைகளும் இருந்தன. அதனால் அப்பா நின்ற ஞாயிறுகள் நிறைய.

அந்தத் தொழிற்சாலை வெள்ளைக்காரர்கள் 1869இல் தொடங்கியது. ராணுவமும் அதைச் சார்ந்த வேலைகளும் கட்கி, காம்ப், தேஹு ரோடு பகுதிகளுக்குத் தமிழர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்த்தன. 1970களில் எங்கள் சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இருபது வயதில் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்தவர்கள். வேலையிடத்தில் இந்தி, கடையில் மராத்தி, அதிகாரியிடம் அரைகுறை இங்கிலீஷ். ஒருவர் தொடர்ந்து ஒரு மணி நேரம் தமிழில் பேசக் கேட்க வேண்டுமானால் அவர்களுக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஒன்றுதான்.

அதனால் எல்லாப் பாரத்தையும் பிரசங்கமே சுமந்தது. வசனத்தை விளக்குவதோடு அப்பாவின் வேலை முடியாது. மழைக்காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வார். சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே காத்து நிற்கும் வட்டிக்காரனிடம் கையெழுத்துப் போடாதே என்பார். பெண்பிள்ளையை எட்டாம் வகுப்போடு நிறுத்தாதே என்பார். ஊரில் யார் வீட்டில் சாவு, யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அறிவிப்பில் வரும். பத்திரிகையும் பள்ளிக்கூடமும் ஊர்ப் பஞ்சாயத்தும் அந்த மேடைக்குள்ளேயே இருந்தன. அதைக் கேட்டு நடந்தவர்களும் உண்டு, நடக்காதவர்களும் உண்டு. ஆனால் மேடையில் நிற்பவருக்குத் தங்களைவிட அதிகம் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சனிக்கிழமை இரவு அவர் பிரசங்கம் தயார் செய்வதைப் பார்த்தபடியே நான் வளர்ந்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அம்மா சேர்த்து வைத்திருப்பாள். அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். ஒரு தாளுக்கு ஒரு கருத்து. அம்மா அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மெதுவான குரலில் அவளிடம் சொல்லிப் பார்ப்பார். அவள் முகம் எங்கே மாறுகிறதோ அந்தத் தாள் கட்டிலிருந்து போய்விடும். மிச்சத்துக்குக் கிளிப் போட்டு வேதாகமத்துக்குள் வைப்பார். கேட்பவர் ஒருவருடைய முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சு திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. பிரசங்கத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தொழிற்சாலை வாசலில் தினமும் உடல் சோதனை நடக்கும். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு ஞாயிறு அப்பா அதை எடுத்துக்கொண்டார். “அங்க ஒரு தீக்குச்சி உள்ள போயிரக் கூடாதுன்னு அவ்வளவு பயப்படுதோம். சாயங்காலம் வீட்டு வாசப்படி ஏறும்போது நாக்குல எத்தன குச்சியக் கொண்டு போறோம்?” பெண்கள் பக்கமிருந்து மெல்லிய சலசலப்பு எழுந்தது. ஆண்கள் பக்கம் தலைகள் குனிந்தன. குடித்துவிட்டுப் போய் மனைவியை ஏசுகிறவர்கள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா ஒரு பெயரும் சொல்லவில்லை.

*

ஆண்டுதோறும் ஜூன் மழை இறங்கும் சமயத்தில் தேஹுவிலிருந்து மராத்தி பக்திக் கவி துக்காராமின் பால்கி (பல்லக்கு ஊர்வலம்) பண்டரிபுரத்துக்குப் புறப்படும். வழியில் ஓர் இரவு ஆகுர்டி. மறுநாள் பழைய மும்பை சாலை வழியாக எங்கள் பகுதியைக் கடந்து புனே நகருக்குள் போகும். தலையில் துளசி மாடம் ஏந்திய பெண்களும், தோளில் காவிக் கொடியும் கையில் தாளமுமாக விவசாயிகளும் மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருப்பார்கள். தொழிற்சாலைக்காரர்கள் சாலையோரத்தில் பந்தல் போட்டு டீ கொடுப்பார்கள். அப்பாவும் அதில் நிற்பார்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மராத்திக்காரர் எங்களைப் பால்கி புனே வந்த இரவு நானா பேட்டைக்குக் கூட்டிப் போனார். பால்கி தங்கும் நிவ்டுங்யா விட்டோபா கோயிலை ஒட்டி ஒரு பந்தலில் கீர்த்தன். தமிழில் கீர்த்தனை என்றால் பாட்டு. மராத்தியில் அது பாட்டும் கதையும் விளக்கமும் சேர்ந்த பிரசங்கம். ஈரச் சாக்கு வாசனையும் புகையிலை வாசனையும் கலந்த கூட்டத்தில் அப்பாவின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தேன். கீர்த்தன்கார் எங்களுக்குச் சமமான தரையில் நின்றார். அவருக்குப் பின்னால் தாளக்காரர்கள் இரண்டு வரிசை, பக்கத்தில் மிருதங்கம், ஒருவர் தோளில் வீணை. அவர் துக்காராமின் ஒரே ஒரு அபங்கத்தை, பக்திப் பாட்டை, எடுத்தார். ஒரு வரியைப் பாடி, நிறுத்தி, பிரித்துச் சொல்லி, மறுபடி பாடினார். வெங்காய விலையும் கிணற்றுத் தகராறும் அதற்குள் வந்தன. நடுவில் சட்டென்று முன்வரிசையில் இருந்த ஒரு கிழவியிடம் குனிந்து, மருமகளுக்குச் சாப்பாடு போட்ட பிறகு நீ சாப்பிடுகிறாயா, அதற்கு முன்னாலா என்று கேட்டார். கிழவி உரக்கப் பதில் சொன்னாள். பந்தல் முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார், அந்தப் பதிலையே பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

முடிந்ததும் ஜனங்கள் அவர் காலைத் தொட்டார்கள். அவரும் குனிந்து அவர்கள் காலைத் தொட்டார். பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வார்கரிகளின் வழக்கம் அது. கீர்த்தன் சொன்னதற்குக் காசு வாங்கக் கூடாது என்பதும் துக்காராம் வழி வந்த கட்டுப்பாடு என்று எங்களைக் கூட்டிப்போனவர் சொன்னார்.

திரும்பி வரும்போது அப்பா வெகுநேரம் பேசவில்லை. கட்கி பக்கம் வந்த பிறகு, “பாத்தியால? அவரு பேசுதாரு, பெறவு அவங்க பேசுதாங்க. நாம மட்டும்தான் பேசிட்டு எறங்கிருதோம்” என்றார்.

அடுத்து அவர் நின்ற ஞாயிறு, வேதபாடம் வாசித்துவிட்டுப் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வந்து நின்றார். சபையில் அதற்கு வருத்தம் வந்தது. பீடத்தை விட்டு இறங்கிப் பேசுவது நம் முறையா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். அப்பா அவருக்குத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை ஞாபகப்படுத்தினார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்து, சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற சாஸ்திரியார், வேதத்தைப் பாட்டும் பேச்சுமாகக் காலட்சேபம் செய்தவர். நம் ஆட்கள் நின்றும் பாடியும் சொன்ன காலம் உண்டு என்பதுதான் அப்பாவின் பதில்.

மராத்திக்கும் தமிழுக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலின் நீளம் எனக்குப் பிற்பாடு படிக்கும்போது தெரிந்தது. புனே மாவட்டத்தில் மோர்காவ் என்று ஓர் ஊர். அஷ்டவிநாயகத் தலங்களில் முதலாவது. அந்த ஊர்க்காரரான ராமச்சந்திர பாவா 1860களில் தஞ்சாவூருக்கு வந்து கீர்த்தன் செய்தார். அதைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், மராத்தி மெட்டுகளையும் சொல்முறையையும் தமிழுக்குக் கொண்டுவந்து இன்று நாம் அறிந்த கதாகாலட்சேபத்துக்கு வடிவம் கொடுத்தார். கிறிஸ்தவர்கள் பக்கமும் இதே ஓட்டம் உண்டு. 1895இல் ஞானஸ்நானம் பெற்ற மராத்திக் கவி நாராயண் வாமன் திலக், இயேசுவின் கதையைக் கீர்த்தனாகச் சொல்ல வேண்டும் என்று பாடுபட்டார். அந்நிய வாடை அடிக்கும் பிரசங்கம் தன் ஜனங்களின் மனசுக்குள் போகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்பவர்களின் பக்கமாக நகர்ந்து போனபோதெல்லாம் பிரசங்கத்துக்கு உயிர் வந்திருக்கிறது.

*

கல்லூரி நாட்களில் நான் சபைக்குப் போவது குறைந்தது. மே மாத மாலைகளில் நண்பர்களோடு வசந்த வியாக்யான்மாலைக்குப் போக ஆரம்பித்தேன். 1875இல் நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடே தொடங்கிய சொற்பொழிவுத் தொடர் அது. பொருளாதாரம், விஞ்ஞானம், இலக்கியம், அரசியல் என்று தினம் ஒரு பேச்சு. வெயில் தாழ்ந்த பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார்களும் மாணவர்களும் வந்து உட்காருவார்கள். ஆமென் கிடையாது, காணிக்கை கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் கவனத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். அது எங்கள் சபையில் அப்பாவின் முகத்தையே பார்த்திருந்தவர்களின் கவனம்தான்.

அந்தச் சொற்பொழிவைத் தொடங்கிய ரானடேயே ஒரு பிரசங்கி என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் பிரசங்கித்த பிரார்த்தனா சமாஜம் 1867இல் பம்பாயிலும் 1870இல் புனேயிலும் தொடங்கியது. விக்கிரகம் இல்லை, சாதி இல்லை. ஜெபம், பாட்டு, பிரசங்கம் உண்டு. கிறிஸ்தவ ஆராதனையின் சாயல் அதில் தெரியும். ஆனால் வேதபாடத்தின் இடத்தில் துக்காராமின் அபங்கம். ரானடேயும் ஆர்.ஜி. பண்டார்கரும் அந்த மேடையில் பேசினார்கள். அதே புனேயில் 1873இல் ஜோதிராவ் புலே சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கி, கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் புரோகிதர் எதற்கு என்று கேட்டார். கோபால் கணேஷ் ஆகர்கர் 1888இல் ‘சுதாரக்’ பத்திரிகையை ஆரம்பித்து, பகுத்தறிவுக்கு ஒவ்வாத எதையும் ஏற்க மாட்டேன் என்று எழுதினார். பக்தி, சீர்திருத்தம், மறுப்பு மூன்றும் இந்த ஒரே ஊரில் நடக்கிற தூரத்தில் மேடை போட்டுப் பேசின.

அடுத்தவன் மேடையைக் கேட்கப் போவது அன்று சின்ன விஷயமில்லை. 1890 அக்டோபரில் பாஞ்ச் ஹவுத் என்ற கிறிஸ்தவ மிஷனில் ஒரு கூட்டத்துக்கு ஊர்ப் பிரமுகர்கள் போனார்கள். ரானடேயும் பால கங்காதர திலகரும் அதில் உண்டு. அங்கே டீயும் பிஸ்கட்டும் பரிமாறப்பட்டன. பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் வந்ததும் ஊர் கொதித்தது. விவகாரம் சங்கராச்சாரியார் வரை போய், போனவர்களில் பலர் பிராயச்சித்தம் செய்ய வேண்டி வந்தது. குருவார் பேட்டையில் அந்தத் தேவாலயத்தின் மணிக்கூண்டை இன்றும் பார்க்கலாம். பல மதத்தார் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாழும் பொதுவெளி நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. கேட்கப் போனதற்கே ஒரு தலைமுறை தண்டனை அனுபவித்திருக்கிறது.

*

பிரசங்கிகளில் நான் பார்த்த மிகத் துணிச்சலான ஆள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். டாக்டர் நரேந்திர தாபோல்கர் 1989இல் மகாராஷ்டிரா அந்தஸ்ரத்தா நிர்மூலன் சமிதி என்ற மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பைத் தொடங்கியவர். சானே குருஜி நிறுவிய ‘சாதனா’ வார இதழின் ஆசிரியராக இருந்தவர். அவருடைய தொண்டர்கள் நடத்திய ஒரு நிகழ்ச்சியைப் பள்ளி மைதானம் ஒன்றில் பார்த்தேன். ஒருவர் எரியும் கற்பூரத்தை நாக்கில் வைத்துக் காட்டினார். இன்னொருவர் மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்ததும் தேங்காய் தீப்பற்றியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். உடனே அதே பிள்ளைகளில் ஒருவனை மேடைக்குக் கூப்பிட்டு, அவன் கையாலேயே அதைச் செய்ய வைத்து, உள்ளே வைத்திருந்த ரசாயனம் என்ன என்று விளக்கினார்கள். பிறகு, கேள்வி கேளுங்கள் என்றார்கள். ஒரு சிறுமி எழுந்து, அப்படியானால் சாமி இல்லையா என்று கேட்டாள். அதை நீ வளர்ந்து யோசித்து முடிவு செய், உன்னை ஏமாற்றிக் காசு பறிப்பவனை மட்டும் நம்பாதே என்று பதில் வந்தது. அந்த அமைப்பின் நிலைப்பாடே அதுதான்: சண்டை கடவுளோடு இல்லை, கடவுள் பெயரால் நடக்கும் சுரண்டலோடு.

2013 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை காலை. நடைப்பயிற்சிக்குப் போன தாபோல்கரை ஓங்காரேஸ்வரர் கோயிலுக்கு அருகில் உள்ள பாலத்தில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பாலத்துக்கு மகரிஷி விட்டல் ராம்ஜி ஷிண்டேயின் பெயர். ஷிண்டே யார்? புனே பெர்குசன் கல்லூரியில் படித்து, ஆக்ஸ்போர்டில் மான்செஸ்டர் கல்லூரிக்குப் போய் மதங்களைக் கற்று, 1903இல் திரும்பி வந்து பிரார்த்தனா சமாஜத்தின் பிரசாரகராக இருந்தவர்; 1906இல் தாழ்த்தப்பட்டோருக்கான மிஷனைத் தொடங்கி, தீண்டாமைக்கு எதிராக வாழ்நாளைக் கொடுத்தவர். ஒரு பிரசங்கியின் பெயர் தாங்கிய பாலத்தில் ஒரு பகுத்தறிவுவாதியின் ரத்தம் விழுந்தது. இந்த இரண்டு பேரும் எதிரெதிர் அணி என்று நினைப்பவர்கள் இருவர் வாழ்க்கையையும் படித்துப் பார்க்க வேண்டும். ஷிண்டே கடவுளை நம்பிக்கொண்டு எதை எதிர்த்தாரோ, தாபோல்கர் நம்பாமல் அதையே எதிர்த்தார்.

அந்த ஞாயிறு, ஆகஸ்ட் 25, ஐயர் ஊரில் இல்லை. ஓய்வுபெற்று வெகுகாலமாகிவிட்ட அப்பாவை நிற்கச் சொன்னார்கள். அவர் நல்ல சமாரியன் உவமையை எடுத்தார். பாதி வழியில் தாபோல்கர் பெயரைச் சொன்னதும் ஆலயத்துக்குள் ஓர் அசைவு தெரிந்தது. “கடவுள் இல்லைன்னவருக்கு இங்க என்ன பேச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாற்பது வருஷம் அப்பா பேசக் கேட்டவர்களில், பேச்சுக்கு நடுவில் குரல் கொடுத்த ஒருவரை நான் பார்த்தது அன்றுதான். அப்பா கோபப்படவில்லை. அந்தப் பக்கமாகத் திரும்பி, “நீரு கேட்டது சரி. பதில் சொல்லுதேன்” என்றார். “பேய் ஓட்டுதேன்னு சொல்லி ஒருத்தன் உம்ம பிள்ளைய அடிக்கும்போது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு தெருவுல நின்னு சொன்னவரு அவரு. அதச் சொல்ல வேண்டிய எடத்துல நாமதான் இருந்தோம். நாம சொல்லல. காயம்பட்டவனத் தாண்டிப் போன லேவியன் யாருன்னு இப்பப் பாரும்.”

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கேள்வி கேட்டவர் அப்பாவுக்காக வேப்பமரத்தடியில் காத்திருந்தார். இருவரும் மதியம் வரை பேசினார்கள். முழுக்க ஒத்துப்போனார்கள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமும் அவர் வந்தார்.

அந்த ஆகஸ்டிலேயே மகாராஷ்டிர அரசு மூடநம்பிக்கைக்கு எதிரான அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டிசம்பரில் அது சட்டமாயிற்று. 2024 மே மாதம் புனே சிறப்பு நீதிமன்றம் தாபோல்கரைச் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்து, மற்ற மூவரை விடுவித்தது. மூடநம்பிக்கைக்கு எதிரான அந்தச் சட்டம் பக்தியை ஒடுக்கிவிடும் என்று வார்கரிகளில் ஒரு பகுதியினர் முன்பு அஞ்சியதுண்டு. அதனால் கீர்த்தன், பிரவசனம், பஜனை இவற்றுக்குத் தடையில்லை என்று சட்டத்துக்குள்ளேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நரபலியும், பாம்பு கடித்தவனை மருத்துவரிடம் போகவிடாமல் மந்திரிப்பதும் குற்றம், பிரசங்கம் குற்றமில்லை. மதச்சார்பற்ற அரசு பிரசங்கத்துக்குக் காட்டும் மரியாதை அது. கூடவே ஒரு பொறுப்பையும் அது நம்மிடம் தருகிறது. உன் பேச்சுக்கு இங்கே இடமுண்டு. அதை வைத்து ஒருவனுடைய உயிரோடும் பணத்தோடும் விளையாடாதே.

*

இப்போது எங்கள் சபையில் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களில் நரைத்த தலைகளே அதிகம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஹிஞ்சவடியில் கணினி வேலை, இரவு ஷிப்ட், ஞாயிறு காலை தூக்கம். கடவுள் மறுப்பு என்று இதைச் சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் தங்கள் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர்தான். மொத்தத்தில் கால் சதவீதம்கூட இல்லை. ஐரோப்பாவில் காலியான தேவாலயங்களைப் போன்ற கதை நம் ஊரில் இல்லை. நம் ஊரில் நடப்பது வேறு. நம்பிக்கை மிச்சமிருக்கிறது; மேடையில் நிற்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் போய்விட்டது.

போனதில் தப்பில்லை. தண்ணீரைக் காய்ச்சச் சொல்ல டாக்டர் இருக்கிறார்; வட்டிக்காரனிடமிருந்து தப்பிக்க வங்கி இருக்கிறது; மனம் கலங்கினால் மனநல ஆலோசகர் இருக்கிறார். அப்பாவின் பிரசங்கம் சுமந்த பாரங்களை ஒவ்வொன்றாக வேறு தோள்கள் வாங்கிக்கொண்டன. அவற்றில் பலவற்றை அவர்கள் நன்றாகவே சுமக்கிறார்கள். பிரசங்கத்தின் நேரமும் சுருங்கிவிட்டது. 2024இல் போப் பிரான்சிஸ் 8 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று குருமார்களுக்குச் சொன்னார்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மேடை காலியான இடத்தில் கைபேசி வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த ஊர் என்று தெரியாத ஒருவர், என் அத்தைக்கு இன்று மாலைக்குள் அற்புதம் நடக்கும் என்று யூடியூபில் சத்தியம் செய்கிறார். கீழே வங்கிக் கணக்கு எண் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் காணொளியில் இன்னொருவர் இன்னொரு மதத்தாரைத் திட்டுகிறார். பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டுகிறது. காசு வாங்கக் கூடாது என்றிருந்த கீர்த்தன் மேடையிலும் இப்போது சிலருக்குப் பெரிய தொகை பேசித்தான் தேதி கிடைக்கிறது. இந்தப் பேச்சாளர்களில் யாரையும் வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. அவர்கள் கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லா மதத்திலும் இந்த நோய் இருக்கிறது. என் மதத்தில் இருப்பதை முதலில் சொல்வது என் கடமை.

என் மகள் சில ஆண்டுகள் ஆலயத்துக்கு வரவில்லை. ஒருநாள் காரணம் கேட்டேன். “அப்பா, எங்க ஆபீஸ்ல டைரக்டர் பேசினாக்கூட கடைசியில கேள்வி கேக்கலாம். ஆலயத்துல மட்டும்தான் ஒருத்தர் பேசணும், எல்லாரும் கேட்டுட்டுப் போயிடணும்” என்றாள். நானா பேட்டையிலிருந்து திரும்பிய இரவு அப்பா சொன்னதை அவளிடம் சொன்னேன். தாத்தாவுக்கே அது தெரிந்திருந்ததா என்று கேட்டாள்.

2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலை புனேயை உலுக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா எண்பதைத் தாண்டிய வயதில் காலமானார். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அன்றைய விதி. எங்கள் இளைய போதகர் கல்லறைத் தோட்டத்தில் முகக்கவசத்தோடு நின்றார். பாட்டு இல்லை. அவர் பேசியது ஐந்தாறு நிமிடம் இருக்கலாம். மரணம் ஏன் வந்தது என்று அவர் விளக்கவில்லை. கடவுளின் சித்தம் என்று சொல்லி எங்கள் வாயை அடைக்கவும் இல்லை. அப்பா கடைசியாகத் தன்னிடம் கேட்ட கேள்வியைச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் படுக்கைக்குக் காத்திருக்கிறவர்களுக்காக நம் சபை என்ன செய்கிறது என்று அப்பா கேட்டிருந்தாராம். “அதற்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. இன்று நாம் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லலாம்” என்றார் போதகர். அந்த வாரமே இளைஞர்கள் சேர்ந்து, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தார்கள். என் மகள் அந்தப் பட்டியலைக் கணினியில் போட்டு நடத்தினாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை திரும்பியதா என்று நான் கேட்டதில்லை, கேட்க மாட்டேன். ஒரு பிரசங்கம் அவள் காதில் விழுந்து அவள் கையில் வேலையாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஐந்து நிமிடத்தை எந்த டாக்டரும் ஆலோசகரும் காணொளியும் தந்திருக்க முடியாது. எங்களைத் தெரிந்த ஒருவர், எங்கள் துக்கத்துக்குள் நின்று, எங்கள் மனச்சாட்சியைப் பார்த்துப் பேசினார். மற்ற பாரங்களையெல்லாம் இறக்கி வைத்த பிறகு பிரசங்கத்துக்கு மிஞ்சியிருக்கும் வேலை இதுதான். ஒருவகையில் அதன் முதல் வேலையும் இதுதான்.

அந்தப் போதகர் இப்போது ஆராதனை முடிந்ததும் அங்கியைக் கழற்றிவிட்டு டீ கொடுக்கும் இடத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்காருகிறார். அன்றைய பிரசங்கத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மராத்தியில் கேட்டாலும் சரி. கேள்விகள் கடினமாக வருகின்றன. எங்கள் சபைக்குள் சாதி பார்த்துக் கல்யாணம் பேசுவது ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வி அடுத்த ஞாயிறு பிரசங்கமாகவே வந்தது. சில பெரியவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் நாற்காலிகள் நிறைகின்றன.

புனேயில் பிரசங்கிகளை உருவாக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. கண்டியிலிருந்து 1955இல் இங்கே வந்த பேப்பல் செமினரி, 1983இல் யவத்மாலிலிருந்து வந்த யூனியன் பிப்ளிக்கல் செமினரி, ஆளந்தியில் 1917இல் விஷ்ணுபுவா ஜோக் நிறுவிய வார்கரி கல்விக்கூடம், சதாசிவ் பேட்டையின் நாரத மந்திர். அங்கெல்லாம் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் காலத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அங்கியையும் பீடத்தையும் பார்த்துத் தலைகுனிந்த கூட்டம் இனி வராது. வருகிறவர்கள் தலைநிமிர்ந்து வருவார்கள். கேட்பார்கள், மறுப்பார்கள், பாதியில் எழுந்தும் போவார்கள். அவர்களுக்கு நடுவில், அவர்கள் நிற்கும் தரையிலேயே நின்று, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, சொன்னதற்கு அங்கேயே இருந்து பதில் சொல்லுங்கள். மதச்சார்பற்ற சமுதாயம் பிரசங்கத்தின் எதிரி இல்லை. பயத்தால் கேட்டவர்களை அது வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விரும்பிக் கேட்கிறவர்களை நம் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. இவர்களிடம் பேசுவதற்குத்தான் பிரசங்கம் இத்தனை காலமும் கற்றுக்கொண்டு வந்தது.